முழுசா எடுத்தபிறகு புது மார்பு வைக்கணுமா? நீலகிரிப் பக்கத்து அக்காமார் யாராவது சொல்லுங்க

கேள்வி: 11 மார்ச் 2024, இரவு 9.40

அம்மாவுக்கு 46 வயசு. குன்னூர் பக்கம் எஸ்டேட்ல இலை வெட்டறாங்க. வலது மார்புல கட்டி. பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு, கேன்சர்தான். முழுசா எடுக்கணுமாம். எடுக்கும்போதே முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து புது மார்பு வெச்சுத் தரோம், வேணுமா வேண்டாமான்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. அப்பா "இந்த வயசுல எதுக்கு"ங்கறார். சித்தி "வெச்சுக்கோ, இல்லேன்னா நாலு பேர் முன்னாடி நிக்க முடியாது"ங்கறாங்க. அம்மா வாயே திறக்கலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

11 மார்ச், இரவு 11.15

கோத்தகிரி. தையல் கடை வெச்சிருக்கேன். இடது மார்பை எடுத்து வருஷக்கணக்காச்சு, புதுசு வெச்சுக்கலை. ஒரு பக்கத்துச் சாட்சின்னு நினைச்சுக்கிட்டே படி கண்ணு.

அந்த வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் போடறவங்களோட கெடு. கட்டியை எடுக்கறதை இழுத்தடிக்கக் கூடாது, அது சரி. ஆனா மார்பு வைக்கறது அதே நாள்ல நடந்தே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது. கீமோ, கரண்ட் (கதிர் சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எல்லாம் முடிஞ்சு, சில வருஷம் கழிச்சுக்கூட வெச்சுக்கலாம். சேர்த்து வெச்சா மார்புத் தோலை மிச்சம் பிடிச்சு உள்ளே நிரப்புவாங்க, பார்க்க நல்லா வரும், ஒரே மயக்கத்துல வேலை முடியும். தள்ளி வெச்சா வியாதி எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரிஞ்சு, புத்தி தெளிஞ்சு யோசிக்கலாம். ரெண்டுக்கும் நியாயம் உண்டு. வியாழக்கிழமைக்காக மட்டும் முடிவு எடுக்காதீங்க.

12 மார்ச், காலை 6.30

எனக்குத் தூக்கம் வரலை. கேக்க வேண்டியதை எழுதறேன், நோட்டுல குறிச்சுக்கிட்டுப் போ.

முழுசா எடுக்கணும்னா ஏன்னு கேளு. கட்டியை மட்டும் சுத்துச் சதையோட எடுத்து, கரண்ட் வெச்சா போதுங்கற கேஸ் நிறைய இருக்கு. இத்தாலியில மிலான்லயும் அமெரிக்காவுலயும் முழுசா எடுத்தவங்க, கட்டியை மட்டும் எடுத்தவங்கன்னு ரெண்டு கூட்டத்தையும் 20 வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2002ல ரிசல்ட் போட்டாங்க. உயிர் பிழைக்கறதுல வித்தியாசம் இல்லைன்னு. ஆனா கட்டி பெருசா இருந்தாலோ, ஒரே மார்புல நாலஞ்சு இடத்துல சிதறி இருந்தாலோ, கரண்ட் வைக்க முடியாத உடம்பா இருந்தாலோ பெரும்பாலும் முழுசாத்தான் எடுக்கணும். உங்கம்மாவுக்கு எதனாலன்னு டாக்டர் வாயால வரணும். எனக்கு ரெண்டு இடத்துல இருந்துச்சு, பேச்சுக்கே இடமில்லாமப் போச்சு.

அடுத்தது அக்குள். நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுங்க) மொத்தமா வழிச்சு எடுக்கப் போறாங்களா, இல்ல சாயம் செலுத்தி முதல் ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பாங்களா? மொத்தமா எடுத்தா அஞ்சுல ஒருத்தருக்குப் பின்னால கை வீங்குது. அந்த ஒண்ணு ரெண்டோட நிறுத்தினா இருபதுல ஒருத்தர் அளவுதான். கையை வெச்சு சோறு சாப்பிடறவங்களுக்கு, மார்பு இருக்கா இல்லையாங்கறதை விட இது பெரிய கேள்வி. இதை யாருமே நம்மகிட்ட எடுத்துச் சொல்றதில்ல. மார்பைப் பத்தி மட்டும் ஊரே பேசும்.

மூணாவது, பின்னால கரண்ட் வர வாய்ப்பு இருக்கான்னு கேளு. அதுக்கு வர்ற பதிலைப் பொறுத்துத்தான் மார்பு வைக்கற பேச்சே.

12 மார்ச், மதியம் 2.10

முதுகுத் தசைன்னு நீ எழுதினது காலையிலிருந்து உறுத்திக்கிட்டே இருக்கு. கடையில கை ஓடலை.

அதுக்கு எல்.டி. ஃப்ளாப்னு பேரு. அக்குளுக்குப் பின்னாலிருந்து முதுகு நெடுக விரிஞ்சு கிடக்கற பட்டைத் தசை. அதுல ஒரு பகுதியை மேல் தோலோட, ரத்தக்குழாய் அறுபடாம கழட்டி, அக்குளுக்கு அடியில வழி பண்ணி முன்னால கொண்டுவருவாங்க. புது வித்தையும் இல்ல, தான்சினின்னு ஒரு இத்தாலி டாக்டர் 1906லயே எழுதி வெச்சுட்டார். ரத்த ஓட்டம் கெட்டிங்கறதால கொண்டுவந்த சதை செத்துப் போறது அபூர்வம். மைக்ராஸ்கோப் வெச்சுக் குழாயை ஒட்டற வேலை கிடையாது. அதனால நிறைய ஆஸ்பத்திரியில இதைத்தான் முதல்ல சொல்வாங்க. கொஞ்சம் பெரிய மார்பா இருந்தா தசை மட்டும் பத்தாது, அடியில சிலிக்கான் வைக்க வேண்டி வரும்.

எல்லாம் சரி. அந்தத் தசைக்குன்னு ஒரு வேலை இருக்கே. தூக்கின கையைக் கீழே இழுக்கறதும் பின்னால இழுக்கறதும் அதுதான். மரம் ஏற, கயிறு இழுக்க, பாரம் இழுக்க. ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு அது போனது தெரியவே தெரியாது, பக்கத்துத் தசைங்க ஈடு கட்டிடும். உங்கம்மா கத்தரியில இலை வெட்டறவங்க. நாள் முழுக்க ரெண்டு கையும் திறந்து மூடி, நிறைஞ்ச பையைச் சாக்குல கொட்டி, எடை போடற இடத்துக்குத் தூக்கிட்டு ஏறணும். அதுவும் வலது பக்கம்.

என்கிட்ட ஜாக்கெட் தைக்கற ரெண்டு பேர் இதைப் பண்ணிக்கிட்டவங்க. ஒருத்தர் வீட்டோட இருக்கறவங்க, ஒரு குறையும் இல்லைங்கறாங்க. கழுத்து இறக்கித் தைக்கச் சொல்லி வம்பு வேற. இன்னொருத்தர் சொந்தத் தோட்டக்காரர், விறகு பொளக்கறவங்க. "கோடாலியை ஓங்கறது வருது, இறக்கறப்போ வேகம் வரமாட்டேங்குது"ன்னாங்க. அப்புறம் தசையை எடுத்த இடத்துல நீர் கோர்த்து, ஊசி போட்டு உறிஞ்சு உறிஞ்சு எடுத்தாங்களாம். அவங்களும் வருத்தப்படலை, அதையும் சொல்லிடறேன். விறகை மகன் பொளக்கறான்.

"என் வேலை இது, இந்தத் தசை போனா வெட்ட முடியுமா"ன்னு அம்மாவே டாக்டர்கிட்டக் கேக்கட்டும். நீ கேக்காதே. கத்தரி எப்படிப் பிடிப்பாங்கன்னு கையை வெச்சுக் காட்டச் சொல்லு. கீழ்நாட்டு, அதாவது சமவெளி டாக்டருக்கு இலை வெட்டறதுன்னா கூடையில ரெண்டு விரலால கிள்ளிப் போடறதுதான் மனசுல இருக்கும், போஸ்டர்ல பார்த்தது.

12 மார்ச், இரவு 8.00

மேலே எழுதினதோட இன்னொண்ணு. தசையில ஒரு கீற்றை மட்டும் எடுத்து மிச்சத்தை நரம்போட விட்டுட்டுச் செய்யற முறையும் இருக்குன்னு ஒரு பிசியோதெரபி தம்பி தனியா எழுதியிருக்கார். கேட்டுப் பாருங்க.

முதுகு வேண்டாம்னா வயிறு. பழைய முறையில வயித்துத் தசையோட எடுத்தாங்க, ட்ராம்னு பேரு, குனிஞ்சு நிமிர்றவங்களுக்கு அதுவும் இடிதான், ஹெர்னியா பயமும் உண்டு. இப்போ டீப் ஃப்ளாப்னு ஒண்ணு. தசையை விட்டுட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும், மெல்லிசு ரத்தக்குழாயோட எடுத்து, மார்புல இருக்கற குழாயோட மைக்ராஸ்கோப்புக்கு அடியில தைப்பாங்க. பகல் முழுக்க ஆகற ஆபரேஷன். முன்னாடியே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து எந்தக் குழாய்னு பார்த்து வெச்சுக்குவாங்க. முதல் ராத்திரி மணிக்கொரு தடவை வந்து ரத்தம் ஓடுதான்னு பார்ப்பாங்க. ஓடலைன்னா திரும்ப தியேட்டர். கோயமுத்தூர்ல இதைச் செய்யற பிளாஸ்டிக் சர்ஜன் டீம் இருக்கு. சிசேரியன் தழும்பு இருந்தாலும் பெரும்பாலும் செய்யலாம். சக்கரை இருந்தா, புகை பிடிச்சா ஆறறது கஷ்டம்.

சிலிக்கான் பை மட்டும் வைக்கறது லேசான ஆபரேஷன், ஆனா ஆயுசுக்கும் இல்ல. பத்துப் பதினஞ்சு வருஷத்துல மாத்த வேண்டி வரலாம். கரண்ட் வெச்ச மார்புல அதைச் சுத்தி உள்ளே தழும்புச் சதை கல்லா இறுகற வாய்ப்பு ரொம்ப அதிகம். வைக்கறவங்க எந்தக் கம்பெனி, மேல்பக்கம் வழவழப்பா சொரசொரப்பான்னு கேட்டு, அந்த அட்டையைப் பத்திரமா வெச்சுக்கணும். சொரசொரப்பு ரகத்தைச் சுத்தி அபூர்வமா ஒரு நிணநீர்ப் புற்று வருதுன்னு 2019ல அலர்கன் கம்பெனி பயோசெல் ரகத்தை உலகம் பூரா திரும்ப வாங்கிடுச்சு.

13 மார்ச், காலை

"ஊசி குத்திப் பார்த்ததாலதான் பரவுச்சு"ன்னு மேலே எழுதின அண்ணனுக்கு: பரவாது. ஊசி குத்தாம எந்த ரகம்னு தெரியாது, ரகம் தெரியாம மருந்து கிடையாது. உங்க பேச்சைக் கேட்டுக் கட்டியை மடியில கட்டிக்கிட்டு உக்காந்தவங்களை எனக்குத் தெரியும்.

"புது மார்பு வெச்சா உள்ளே திரும்ப வர்றது தெரியாது"ன்னு கேட்ட அம்மாவுக்கு: வெச்சதால திரும்ப வர்றது கூடறதும் இல்ல, கண்டுபிடிக்கத் தாமதமாகறதும் இல்ல. அந்த பயம் வேண்டாம்.

ஆஞ்சலினா ஜோலி படம் போட்டு "பார், எப்படி இருக்காங்க"ன்னு எழுதின தங்கச்சிக்கு: அந்தம்மாவுக்கு அப்போ கேன்சரே கிடையாது. 2013ல, பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் கோளாறு இருக்குன்னு தெரிஞ்சு, வர்றதுக்கு முன்னாடியே ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க. அக்குளை வழிக்கலை, கரண்ட் வைக்கலை. அவங்களுக்கு வந்த அழகு நமக்கும் வரும்னு டாக்டர்கிட்டப் போய் நின்னா ஏமாத்தம்தான். அத்தோட, அவங்க இலை வெட்டப் போகலை.

14 மார்ச், இரவு

அக்குள்ல நெறி கட்டியிருக்கு, பின்னால கரண்ட் பெரும்பாலும் உண்டுன்னு சொல்லிட்டாங்களா. அப்போ சிலிக்கானை இப்போ வைக்க டாக்டரே யோசிப்பார். அம்மா கடைசியா வாயைத் திறந்து "என் முதுகைத் தொட வேண்டாம்"னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கே. முடிஞ்சது. அதுக்கு மேல சித்தி பேசினா போனை என்கிட்டக் குடு.

அப்பா சொன்ன "இந்த வயசுல எதுக்கு"வும் எனக்குப் பிடிக்கலை, அதையும் எழுதிடறேன். முடிவு ஒண்ணா இருக்கலாம், ஆனா அந்தக் காரணத்துக்காக எடுத்த முடிவா இருக்கக் கூடாது. அறுபது வயசுல வெச்சுக்கிட்டவங்க உண்டு. ஆசைப்பட்டா அது மினுக்கும் இல்ல.

17 மார்ச், காலை

ஆபரேஷனுக்கு முன்னாடி இதை மட்டும் கேட்டு வாங்கிடு. வைக்காம விடறதா இருந்தா தட்டையா, ஓரம் மடியாம முடிச்சுக் குடுங்கன்னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லாமலே செய்வாங்கன்னு இருக்கக் கூடாது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020ல தன்னோட அகராதியிலயே இதைத் தனி முறையா சேர்த்திருக்கு. அவ்வளவு பேர் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சிருக்காங்க.

என்னுது எப்படின்னா, நெஞ்சுல கோடு நேரா, நல்லாத்தான் இருக்கு. அக்குள் ஓரத்துல தோல் மிஞ்சி ஒரு மடிப்பு. டாட் (துணியைக் கூரா உள்ளே பிடிச்சுத் தைக்கறது) பிடிக்காம துணியை அப்படியே ஓரத்துல மடிச்சு அடிச்சுட்டா ஒரு கூம்பு நிக்குமே, அது. தையக்காரிக்கு இப்படி ஒரு தையல். கையைத் தொங்கவிட்டா அது மேலதான் கை உக்காருது. பிரா பட்டி அங்கேயே அறுக்குது. பெரிய மார்பு இருந்தவங்களுக்கு இது சகஜமாம். தையல் பிரிக்க வந்தப்போ கேட்டேன். "உயிர் பிழைச்சீங்களே, அதைப் பாருங்க"ன்னு பதில். பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உயிரும் இருக்கு, மடிப்பும் இருக்கு.

எந்த ஆஸ்பத்திரின்னு உள்பெட்டியில கேக்காதீங்க, சொல்லமாட்டேன். உயிரையும் அவங்கதான் காப்பாத்தினாங்க.

27 மார்ச்

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சேன். சரி, அடுத்த வேலை.

ட்ரெயின் டப்பாவை (புண்ணுல இருந்து நீர் வடியற குழாய்ல மாட்டினது) ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துல அளந்து எழுதி வை. 24 மணி நேரத்துல 30 மில்லிக்குக் கீழே வந்தாத்தான் பெரும்பாலும் எடுப்பாங்க. டப்பா தொங்கற மாதிரி உள்பாவாடை நாடாவுல ஒரு பை தைச்சுக் கோர்த்துடு, கையில பிடிச்சுக்கிட்டு நடக்க வேண்டாம். முன்பக்கம் திறக்கற நைட்டி நாலு வேணும், தலைவழியா மாட்டற எதுவும் ஆகாது.

மலை ஏறறப்போ பஸ் வேண்டாம். கல்லாறு தாண்டி வளைவுக்கு வளைவு உடம்பு ஒரு பக்கம் சாயும், அனிச்சையா அந்தக் கையாலதான் கம்பியைப் பிடிப்போம். கார்ல அக்குளுக்கடியில சின்னத் தலையணை, சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு துண்டு. பர்லியாறுல நிறுத்தி டீ குடிச்சுட்டு ஏறுங்க.

9 ஏப்ரல்

"அந்தக் கையால இனிமே ஒண்ணையும் தூக்கக் கூடாது"ன்னு வார்டுல சொல்லி அனுப்பினாங்கன்னு எழுதியிருக்கே. எனக்கும் சொன்னாங்க. அது பழைய பேச்சு. 2009ல அமெரிக்காவுல, மார்புக் கேன்சர் வந்து கை வீங்கினவங்களையே கொஞ்சம் கொஞ்சமா எடை தூக்க வெச்சுப் பார்த்தாங்க. வீக்கம் கூடலை, கை பலம்தான் கூடுச்சு. திடீர்னு ஒரு நாள் மூட்டையைத் தூக்கறதுதான் தப்பு. சுவத்துல விரலால ஏறற பயிற்சியை ஒரு நாளும் விடக் கூடாது, விட்டா தோள் இறுகிடும், அப்புறம் கரண்ட் வைக்கறப்போ கையைத் தலைக்கு மேல தூக்கி வைக்கவே முடியாது.

இலைக் காட்டுக்குத் திரும்பறப்போ பயம் வேற. கவாத்து பண்ணின செடிக் குச்சி கீறறது, அட்டை கடிக்கறது, முள்ளு. நிணநீர் ஓட்டம் குறைஞ்ச கையில சின்னக் கீறலும் செப்டிக் ஆகும். முழுக்கை சட்டை, கையுறை, கடிச்ச இடத்தை சோப்பு போட்டுக் கழுவறது. சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளக் கூடாது.

9 ஏப்ரல், இரவு

எஸ்டேட்ல லைட் வேலை கேளுங்க. நர்சரியில கூடு நிரப்பறது, எடைக்கட்டுல கணக்கு எழுதறது. கேட்டாத்தான் கிடைக்கும்.

22 மே

இப்போ ஜாக்கெட்டுக்குள்ள வெளியில வைக்கற துணி மார்புப் பேச்சுக்கு வருவோம், நமக்குத் தெரிஞ்ச தொழில்.

ஆறாத தோல் மேல கனம் வைக்கக் கூடாது. முதல் ரெண்டு மாசம் மெத்துன்னு லேசா, பஞ்சு இல்லேன்னா பருத்தி நூல்ல பின்னினது. பின்னல் மார்பைத் தன்னார்வமா பின்னி இலவசமா அனுப்பறவங்க நம்ம நாட்டுலயும் இருக்காங்க. ஆறினபிறகு சிலிக்கான் பிராஸ்தெசிஸ், மத்தப் பக்கத்துக்குச் சரியான எடையில. எடை ஏன்னா, ஒரு பக்கம் கனமாவும் ஒரு பக்கம் காலியாவும் இருந்தா தோள் ஏறி இறங்கிக் கழுத்து வலி வரும். லேசானது வெச்சா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பிரா மேலே ஏறி, மார்பு தொண்டைக்கு வந்து நிக்கும். கல்யாண வீட்டுல எனக்கு ஆனது. போட்டோவுல இருக்கு, காட்டமாட்டேன்.

எடைக்காகத் தானியம் போட்டுத் தைக்கலாம்னு ஒரு யோசனை சுத்துது. கீழ்நாட்டுல சரி. இங்கே என்கிட்ட ஒருத்தர் கம்பு போட்டுத் தைச்சு வாங்கிட்டுப் போனாங்க. நல்ல மழை, சாரல், துவைச்சு வீட்டுக்குள்ளயே போட்டு வெச்சாங்க. மொளைச்சுடுச்சு. "அக்கா, எனக்கு மார்பு வளருது"ன்னு கடைக்கு வந்து நின்னு சிரிச்ச சிரிப்புல தெருவே எட்டிப் பார்த்துச்சு. தானியம் வேண்டாம்.

3 ஜூன்

நம்ம ஊர்ல பாதி வருஷம் ஸ்வெட்டர், மிச்சப் பாதிக்கு சால்வை. அதனாலயே வைக்காம தள்ளினவங்க நிறையப் பேர், நானும் சேர்த்தி. என்னுது இடது, முந்தானை விழற பக்கம், அதுவே மூடிடும். உங்கம்மாவுக்கு வலது. புடவையில வலது பக்கம்தான் வெளிச்சத்துக்கு நிக்கும். சித்தி சொன்னதுல அவ்வளவு உண்மை இருக்கு, ஒத்துக்கறேன். நான் மேட்டுப்பாளையம் இறங்கறப்போதான் ஸ்வெட்டரைக் கழட்டி, நெஞ்சை ஞாபகம் வெச்சுக்குவேன். இப்போ குஞ்சப்பனையில பலாப்பழத்துக்கு யானை வர்ற காலம், ரோட்டுல நிறுத்திடுவாங்க, வண்டி எல்லாம் வரிசை கட்டி நிக்கும். புழுக்கத்துல சிலிக்கானுக்கு அடியில வேர்த்து ஊத்தும். யானையைப் பார்த்த சந்தோஷத்துல அதைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு ஜன்னலைத் திறந்துட்டேன். யாரும் கவனிக்கலை. யானையும் கவனிக்கலை.

19 ஜூன்

கூடலூர்லேந்து ஒருத்தர் குளிரைப் பத்திக் கேட்டிருக்காங்க. ஆமா, சிலிக்கான் குளிரும். வெளியில வைக்கறது காலையில எடுத்தா ஐஸ். உள்ளே வெச்சதும் குளிர் காலத்துல உடம்பை விடச் சில்லுன்னு இருக்கும், தொட்டா தெரியும்னு வெச்சவங்க சொல்றாங்க. சொந்தச் சதையில செஞ்சது உடம்புச் சூட்டுலயே இருக்கும்.

அதை விட முக்கியம் இது. எதுவா இருந்தாலும், என்னை மாதிரி தட்டையா விட்டிருந்தாலும், அந்த இடத்துல உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. வெந்நீர்ப் பையை நெஞ்சுல வெச்சுக்கிட்டுத் தூங்கக் கூடாது. கணப்புக்குப் பக்கத்துல முன்னால குனிஞ்சு உக்காரக் கூடாது. சுட்டாத் தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கீழ்நாட்டுல அச்சடிக்கற நோட்டீஸ்ல கணப்பைப் பத்தி யார் எழுதப் போறாங்க.

11 ஆகஸ்ட்

ரெண்டு வாரமா இங்கே எட்டிப் பார்க்கலை. காரணம் இருக்கு.

உனக்கு எழுத எழுத எனக்கே ஒரு அரிப்பு. "தள்ளி வெச்சுக்கலாம், எப்போ வேணா வெச்சுக்கலாம்"னு ஊருக்கெல்லாம் சொல்றேனே, நான் ஏன் போய்க் கேக்கலைன்னு. கோயமுத்தூர் போய் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். வீட்டுல சொல்லலை, நூல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். நூலும் வாங்கினேன்.

நல்ல மனுசி. அவசரப்படுத்தலை. நிக்க வெச்சு, உக்கார வெச்சு, வயித்துச் சதையைப் பிடிச்சுப் பார்த்து, "தாராளமா இருக்கு"ன்னாங்க. வாழ்க்கையில முதல் தடவையா என் தொப்பையை ஒருத்தர் பாராட்டினது. டீப் ஃப்ளாப் செய்யலாம், கரண்ட் வெச்ச தோலுக்குச் சொந்தச் சதைதான் ஒத்துப் போகும்னாங்க. கேன்சர் திரும்ப வராம இருக்கத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடறேன்னேன். ரத்தம் உறையற பயத்துக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி அதைக் கொஞ்ச நாள் நிறுத்தணும், கேன்சர் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும், நீங்களா நிறுத்தாதீங்கன்னாங்க. அப்புறம் மத்த மார்பைக் கொஞ்சம் தூக்கிச் சின்னது பண்ணணும், காம்பு வேணும்னா பின்னால தனியா, அதைச் சுத்திக் கறுப்பு வட்டத்துக்குப் பச்சை குத்தறது. ஒரு ஆபரேஷன்னு போனவளுக்கு வரிசையா நாலு.

திரும்பி வர்ற வழியெல்லாம் ஆசையாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன்.

12 ஆகஸ்ட்

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு மூணு பேர் "போங்கக்கா"ன்னும் ரெண்டு பேர் "வேண்டாங்கக்கா"ன்னும் எழுதியிருக்கீங்க. ஓட்டுப் போடவா கேட்டேன்?

6 அக்டோபர்

காசைப் பத்திக் கேட்டவங்களுக்கு. தனியார் மெடிக்கல் பாலிசி வெச்சிருக்கறவங்க, "இது அழகு ஆபரேஷன், கிளெய்ம் கிடையாது"ன்னு சொன்னா நம்பாதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெச்ச பொது விலக்குப் பட்டியல்ல அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லைன்னு இருக்கற அதே வரியில, விபத்து, தீக்காயம், கேன்சருக்குப் பிறகு சீரமைக்கறது தவிரன்னும் இருக்கு. டாக்டர் சர்டிஃபிகேட் எழுதித் தரணும். பாலிசியைப் பிரிச்சு அந்த வரியைக் காட்டுங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வெச்சிருக்கறவங்களுக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். கேன்சர் ஆபரேஷன், கீமோ, கரண்ட் அதுலயே நடக்குது. மார்பு வைக்கறதுக்கு எந்தப் பேக்கேஜ், எவ்வளவுங்கறதை ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரித் திட்ட கவுண்டர்ல எழுத்துல வாங்குங்க. முன் அனுமதி இல்லாம செஞ்சுட்டுப் பின்னால கேட்டா நடக்காது. வருமான வரம்பு வருஷம் 1,20,000. சான்று வி.ஏ.ஓ.கிட்ட.

28 அக்டோபர்

அம்மாவுக்குக் கரண்ட் 15 தடவைன்னு போட்டிருக்காங்களா. நல்லது. முன்னெல்லாம் 25, அஞ்சு வாரம் கீழேயே கிடக்கணும். சனி ஞாயிறு மலை ஏறி இறங்கறதை விட, அந்த மூணு வாரம் கோயமுத்தூர்லயே ரூம் எடுத்துடுங்க. வெச்ச இடத்துல ஒட்டின பிளாஸ்டரைப் பிய்க்காதீங்க, பவுடர் போடாதீங்க, பிரா வேண்டாம், மல் துணியில தொளதொளன்னு ஒரு பாடி போதும்.

அம்மா இங்கே நான் எழுதறதைப் படிச்சுக் காட்டச் சொல்றாங்கன்னியே. அந்தக் கம்புக் கதையை மறுபடி படிச்சுக் காட்டு.

16 ஜனவரி 2025

பொங்கல் ஆர்டர் முடிஞ்சு இப்போதான் மூச்சு விடறேன்.

டீப் ஃப்ளாப் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு என்னன்னு இன்னிக்கே சொல்லமாட்டேன். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல. இடுப்புல ஒரு பக்கத்துலேந்து இன்னொரு பக்கம் வரைக்கும் வெட்டு, மிஷின் மிதிக்காம மாசக்கணக்கா உக்காரணும். ஆள் வெச்சுத் தைச்சா என் ஆளுங்க என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க. ஆசை இருந்துச்சு, அதை விட இது கனமா இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னும் பத்து வயசு குறைவா இருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனா சும்மா வரலை. அந்த அக்குள் மடிப்பைக் காட்டினேன். டாக்டரம்மா ஒரு பேனாவால அது மேல கண் வடிவத்துல கோடு போட்டுக் காட்டினாங்க. இதை மட்டும் எடுக்கலாம், அந்த இடத்தை மட்டும் மரத்துப் போக வெச்சு, அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்னாங்க. இதுக்குப் போய் இத்தனை வருஷமான்னு எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. டிசம்பர்ல எடுத்தாச்சு. கரண்ட் பட்ட தோல், ஆற நேரம் எடுத்துச்சு. இப்போ பிரா பட்டி உக்கார வேண்டிய இடத்துல உக்காருது. கை தொங்குது, நேரா.

மார்பு இல்லாததுதான் என் குறைன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க, நானும்தான். பாதிக்கு மேல அந்த மடிப்புதான்.

17 ஜனவரி

நேத்து எழுதினதுக்கு ஒரு வரி. "அப்போ யாருக்கும் மார்பு தேவையில்லங்கறீங்களா"ன்னு கேட்டவங்களுக்கு, இல்ல. கழுத்து இறக்கித் தைக்கச் சொன்ன அந்தம்மா நேத்து வந்தாங்க. இன்னும் ஒரு இஞ்ச் இறக்கச் சொல்றாங்க. தைச்சுக் குடுத்தேன்.

2 பிப்ரவரி

அம்மா கத்தரி பிடிச்சாங்களா! அரை நாள்னாலும் சரி. சாயங்காலம் கை கனத்தா தலையணை மேல தூக்கி வைக்கச் சொல்லு. ரெண்டு கையோட சுத்தளவும் டேப்பால மாசம் ஒரு தடவை அளந்து எழுதி வை, முழங்கைக்கு மேல ஒரே இடத்துல. கூடிக்கிட்டே போனா கம்ப்ரஷன் ஸ்லீவ், பிசியோகிட்டக் கேட்டு வாங்கணும், கடையில பார்த்துக் குத்துமதிப்பா வாங்கக் கூடாது.

மார்பு வைக்கறதைப் பத்தி அம்மா இப்போ "பார்க்கலாம்"ங்கறாங்கன்னு எழுதியிருக்கே. பார்க்கட்டும். கரண்ட் முடிஞ்சு ஆறு மாசம், ஒரு வருஷம் தோல் ஆற விட்டுத்தான் தொடுவாங்க. சித்திகிட்ட மட்டும் இப்போ சொல்லாதே.

9 பிப்ரவரி

செயற்கை மார்பை வைக்க ஜாக்கெட்டுல பை வெச்சுத் தைக்கற அளவை நிறையப் பேர் கேக்கறீங்க. உள்பக்கம் மல் துணி, லைனிங் துணி வேண்டாம், வழுக்கும். வாய் அக்குள் பக்கம் இருக்கணும், மேல இருந்தா குனியறப்போ வெளியே வந்துடும். பையைச் செயற்கை மார்பு அளவை விட அரை இஞ்ச் சின்னதா வெட்டுங்க, அப்போதான் நகராது. அந்தப் பக்கம் டாட்டைத் தழும்பு மேல வராத மாதிரி ஒரு இஞ்ச் தள்ளிப் பிடிங்க. கொக்கி முன்னால. கட்டோரி கட் வேண்டாம், பிரின்சஸ் கட் சரியா வரும். தையல் பிசிறு எதுவும் உடம்புப் பக்கம் வரக் கூடாது, ஃப்ரெஞ்ச் தையல் போடச் சொல்லுங்க. முடியாதுன்னு உங்க ஊர் டெய்லர் சொன்னா துணியையும் அளவு ஜாக்கெட்டையும் குடுத்தனுப்புங்க. கோத்தகிரிக்கு பஸ் இருக்கு.